யூனிஸ் அக்காவும் ஆரஞ்சுக் கயிறும்

யூனிஸ் அக்கா கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன எண்ணெய் பாட்டில் இருக்கும். இருமல் மருந்து வந்த பாட்டில் அது. முடிச்சூரில் அவர் போகிற சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் பாஸ்டர் எண்ணெய்க்கு ஜெபம் பண்ணிக் கொடுப்பார். பாஸ்டர் சம்சாரம் அதில் கொஞ்சம் ரோஜா சென்ட் கலப்பார். அக்கா அதை அந்தப் பாட்டிலில் ஊற்றி, மூடிக்கு மேல் பிளாஸ்டிக் கவர் கட்டி, கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பார்.

அந்த எண்ணெய் படாத பொருள் எங்கள் சமையல்கட்டில் கிடையாது. கேஸ் அடுப்பு, மிக்சி, பழைய ஃப்ரிட்ஜ் எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு. தன் மகளுடைய பரீட்சை ஹால் டிக்கெட்டுக்கு வைத்து எண்ணெய் ஊறிப்போய், உள்ளே விடுகிறவர் எழுத்தே தெரியவில்லை என்று சத்தம் போட்டாராம். என் முட்டி வலிக்கும் வைத்துவிடுவார். நான் மாரியம்மனுக்கு ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவள். முதல் தடவை கொஞ்சம் யோசித்தேன். "உங்க மாரியம்மா கோவிச்சுக்க மாட்டாங்க தனம், எண்ணெய்தானே" என்றார். அதற்கப்புறம் நானே முட்டியை நீட்ட ஆரம்பித்துவிட்டேன்.

படப்பை தாண்டி ஒரகடம் போகிற ரோட்டில் இருந்து உள்ளே போனால், தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் துப்பாக்கி சுடுகிற க்ளப் ஒன்று இருக்கிறது. சனி, ஞாயிறில் கார்களாக வந்து நிற்கும். அங்கே சமையலுக்கு நாங்கள் இரண்டு பேர். அக்கா எனக்கு முன்னாடியே வந்தவர். காலையில் வாசல், ஆபீஸ், துப்பாக்கி ரூம் எல்லாம் பெருக்குகிற வேலையும் அவருக்குத்தான்.

அக்கா பிறந்தது கூடுவாஞ்சேரி. வீட்டுக்காரர் ஜெரோம் பெயின்டர். புதுசாகக் கட்டின ஒரு அப்பார்ட்மென்டில் வெளிச்சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனார். போனில்தான் சேதி வந்தது. அன்றிலிருந்து யார் போன் அடித்தாலும் அக்கா கை நெஞ்சுக்குப் போகும். அன்றைக்கு ஜெரோம் அண்ணா வேலைக்குக் கிளம்பினபோது மட்டும் ஜெபம் பண்ணி அனுப்பவில்லையாம். பால் பொங்கிவிட்டது, அதைப் பார்க்கப் போய்விட்டேன் என்பார். அதனால் ஆனது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எண்ணெய் வைக்காமல் எதையும் அவர் வாசலைத் தாண்ட விட்டதில்லை.

ஒரே மகள் ஜோசலின். தாம்பரத்தில் காலேஜ் படிக்கிறாள். அங்கே என்.சி.சி.யில் சேர்ந்து துப்பாக்கி பிடித்தவள், லீவு நாளில் அம்மாவோடு க்ளப்புக்கு வந்து இங்கேயும் பிடித்தாள். நன்றாகச் சுடுகிறாள் என்று க்ளப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அக்காவுக்குப் பெருமையை விடப் பயம்தான் அதிகம்.

க்ளப் துப்பாக்கிகளுக்கெல்லாம் பொறுப்பு சாலமன் சார். ஜோசலினுக்கு எந்தத் துப்பாக்கி என்று பார்க்கிறதுக்கே ஒரு மாதம் ஆனது. ஒன்று, ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருக்கிற கம்பியை இழுத்து அடுத்த குண்டைக் கையால் ஏற்றுகிற ரகம். இன்னொன்று, ஒரு தடவை சுட்டதும் தானே காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்கிற ரகம். சார் முதல் ரகத்தைத்தான் கொடுத்தார். ஆனால் ஜோசலினுக்குச் சின்ன வயதில் சைக்கிளில் இருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்து சேர்ந்தது. கம்பியை இழுத்து இழுத்து கை வீங்கிவிட்டது. அதனால் தானே ஏற்றிக்கொள்கிற துப்பாக்கியை எடுத்து, அந்த ரகத்துக்கென்று நடக்கிற போட்டிக்குப் பழக்கினார்.

அது பெரிய ஆளுக்குச் செய்தது. பின்கட்டையைத் தோளில் வைத்தால் அவள் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. கட்டையை மட்டும் கழற்றி, கூடுவாஞ்சேரியில் சோபா, கட்டில் செய்கிற ஆசாரி ஒருவரிடம் எடுத்துப் போனார்கள். நானும் அக்காவும் கூடப் போனோம். அவள் முழங்கையை மடக்கி, அந்த மடிப்பில் இருந்து விரல் வரைக்கும் ஆசாரி நூல் பிடித்து அளந்தார். முதலில் தேக்கில் செய்தார். கனமாக இருந்தது. அப்புறம் வேறு மரத்தில் செய்து, கன்னம் படுகிற இடத்தை அவள் முகத்தை வைத்து வைத்துப் பார்த்து இழைத்தார். இன்னும் கொஞ்சம் கன்னத்தை அழுத்தும்மா என்று ஆசாரி சொல்லச் சொல்ல, அக்கா முகம் சுருங்கிக்கொண்டே போனது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம், அந்த வெடி வெடிக்கிற இடத்துக்கும் என் பொண்ணு கண்ணுக்கும் நடுவுல ஒரு சாண் கூட இல்லையே என்றார்.

அதிலிருந்து அவள் பழகுகிற நாளில் அக்காவுக்கு வேலை ஓடாது. சத்தம் கேட்கும்போது கையில் இருக்கிற கரண்டி நிற்கும். ஒரு சுற்றுக்கு ஐந்து குண்டு, ஐந்தும் வெடித்து முடிந்து, உள்ளே யாராவது பேசுகிற சத்தம் கேட்டால்தான் மறுபடி கிண்டுவார். அக்கா கிண்டுகிற சாம்பார் அன்றைக்கு அடி பிடிக்கும். 

இங்கே ஆரஞ்சுக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். க்ளப்பில் பெட்டியை விட்டு ஒரு துப்பாக்கி வெளியே இருந்தால், அதன் குழலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கயிறு ஓடியிருக்க வேண்டும். வாயில் கொஞ்சம் தொங்கும், பின்பக்கம் குண்டு உட்காருகிற இடத்தில் கொஞ்சம் தெரியும். கயிறு தெரிந்தால் உள்ளே குண்டு இல்லை என்று அர்த்தம். சுடப் போகும்போதுதான் உருவுவார்கள். பெட்டியில் வைத்துப் பூட்டும்போதும் உருவிவிடுவார்கள். தினம் பெருக்குகிற அக்கா இதைத் தினம் பார்த்தவர். பார்த்துப் பார்த்து அவர் மனதில் பதிந்தது ஒன்றுதான். துப்பாக்கி வாயில் எதையாவது செருகி வைப்பார்கள், சுடுவதற்கு முன்னாடி எடுத்துவிடுவார்கள்.

போட்டி கேளம்பாக்கம் பக்கம் இருக்கிற இன்னொரு க்ளப்பில். ஞாயிற்றுக்கிழமை. அக்கா அன்றைக்கு ஆராதனைக்குப் போகவில்லை. எங்கள் க்ளப்பில் விருந்தாளிகளுக்குச் சமையல் இருந்தது, விட முடியவில்லை. சபைக்குப் போகாத குறை அவர் முகத்தில் காலையிலேயே தெரிந்தது.

சாலமன் சார் துப்பாக்கி ரூமில் ஜோசலினுடைய துப்பாக்கியைத் துடைத்து, கயிற்றை உருவி, பெட்டிக்குள் படுக்க வைத்தார். மூடுவதற்குள் வாசலில் ஹார்ன் சத்தம். பால் வண்டி குறுக்கே நிற்கிறது, க்ளப் வேனை வெளியே எடுக்க முடியவில்லை என்று டிரைவர் கத்தினார். சார் வெளியே போனார். ஜோசலின் ஆபீஸ் ரூமில் நின்று, சுடும்போது போடுகிற கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அந்த ரூமில் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எதையும் பார்க்கவில்லை.

சார் திரும்பி வந்து பெட்டியைப் பூட்டி எடுத்துப் போனார். வேன் கிளம்பும்போது அக்கா வாசலில் நின்று கையசைத்தார். திரும்பி வந்தவர் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. ஒரு பாட்டு கூட முனகினார். இன்றைக்கு சாம்பார் தப்பித்தது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து வாட்ச்மேன் பொன்னுசாமி அண்ணன் டீக்கு வந்தார். மிலிட்டரியில் இருந்தவர், எதற்கும் ஒரு கதை வைத்திருப்பார். எங்கள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் ஒரு குழாய் கொஞ்ச நாளாகத் தண்ணீர் விடவில்லை. அதை ஆணியால் குத்திப் பார்த்தவர், உள்ளே இருந்து மண் உருண்டையைத் தட்டி எடுத்தார். குளவிக் கூடு.

"ஓட்டைன்னு ஒண்ணு இருந்தா குளவிக்கு அது சொந்த வூடு" என்றார். அப்புறம் துப்பாக்கி ரூம் சுவரில் தொங்குகிற பழைய குழலைப் பற்றி ஆரம்பித்தார். அக்கா தினம் துடைக்கிற இரும்பு அது. நடுவில் மட்டும் எலி விழுங்கின பாம்பு மாதிரி வீங்கியிருக்கும். அது ஏன் அங்கே தொங்குகிறது என்று நாங்கள் கேட்டதே இல்லை.

ஒரு மழைக்காலத்தில் யாரோ அந்தத் துப்பாக்கியை வராந்தாவில் வைத்துவிட்டார்களாம். குளவி வாயில் மண் பூசிவிட்டது. தெரியாமல் சுட்டார்கள். குண்டு வெளியே போக வழியில்லாமல் குழலே வீங்கிவிட்டது. சுட்டவருக்குக் கன்னத்தில் தையல் போட்டார்கள். அதற்கப்புறம்தான் இந்தக் கயிறு விஷயத்தில் சாலமன் சார் அவ்வளவு கறாரானார் என்று சொல்லி டீயை உறிஞ்சினார்.

அக்கா கையில் இருந்த மாவு உருண்டை அப்படியே நின்றது.

"பஞ்சா இருந்தா, அண்ணா?"

"பஞ்சோ மண்ணோ, அடைப்பு அடைப்புதான். அதுவும் தானே ஏத்திக்கிற துப்பாக்கின்னா இன்னும் மோசம். முன்னாடி போன குண்டு உள்ள மாட்டிகினா, பின்னாலயே இன்னொண்ணு வந்து இடிக்கும். ஏன் கேக்கிற?"

அக்கா மாவுக் கையோடு என் தோளைப் பிடித்தார்.  மெதுவாகத்தான் சொன்னார். முதலில் கட்டையில் மட்டும் எண்ணெய் வைத்தாராம், கன்னம் படுகிற இடத்தில். அப்புறம் கயிறு உருவின வாய் கண்ணில் பட்டிருக்கிறது. ஒரு சின்னப் பஞ்சை எண்ணெயில் நனைத்து அதில் வைத்தாராம். வெளியே தெரிந்தால் சார் திட்டுவார் என்று, துடைப்பக் குச்சியால் கொஞ்சம் உள்ளே தள்ளியும் விட்டாராம். கயிற்றை எடுக்கிற மாதிரி இதையும் சுடுகிறதுக்கு முன்னாடி எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தாராம். பஞ்சு உள்ளே இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

ஜோசலினுக்குப் போன் போட்டோம். ஸ்விட்ச் ஆஃப். சாலமன் சாருக்குப் போட்டோம். அதுவும் ஸ்விட்ச் ஆஃப். போட்டி நடக்கிற இடத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று பொன்னுசாமி அண்ணன் சொன்னார். வேன் டிரைவர் எடுத்தார். ஆனால் அவர் இவர்களை இறக்கிவிட்டு யாரையோ கூட்டி வர ஏர்போர்ட் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கேளம்பாக்கம் க்ளப் ஆபீஸ் நம்பருக்கு அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் விடாமல் அடித்துப் பார்க்கிறேன், நீங்கள் போங்கள் என்றார் அண்ணன்.

பின்பக்கம் சிட்டிபாபு காய்கறி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தான். படப்பை மார்க்கெட்டில் இருந்து எங்களுக்குக் காய் கொண்டு வருகிற ஆட்டோக்காரன். அடுப்பை அணைத்துவிட்டு இரண்டு பேரும் அவன் ஆட்டோவில் ஏறினோம். அக்கா ஏப்ரனைக் கூட அவிழ்க்கவில்லை.

மண்ணிவாக்கம் தாண்டுகிற வரைக்கும் அவன் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். விஷயத்தை நான் சொன்னதும்தான் திரும்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா நீ. பஞ்ச காதுல வெப்பாங்க, மூக்குல வெப்பாங்க. துப்பாக்கி வாயில வெச்சிகினு வந்துகீறியே" என்றான்.

மூக்கு என்று சொன்னதும் அவனுக்கே உறைத்துவிட்டது. மூக்கில் யாருக்குப் பஞ்சு வைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.  ஆக்சிலேட்டரை முறுக்கினான்.

வண்டலூரில் மாட்டிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை, ஜூவுக்கு வந்த கூட்டம். பஸ், கார், பிள்ளைகள் கையில் பலூன், நடுரோட்டில் வெள்ளரிக்காய் விற்கிறவர்கள். எதுவும் நகரவில்லை. சிட்டிபாபு இறங்கிப் போய் ஒரு கார்க்காரரிடம் கும்பிடு போட்டு வழி கேட்டான். ஒரு ஆள் நகர்ந்தால் இன்னொருவர் அந்த இடத்தில் நுழைந்தார். அக்கா கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். நான் மாரியம்மாவுக்கு வேண்டிக்கொண்டேன். இந்தப் பெண்ணைக் காப்பாற்று தாயே, ஆடிக்கு உன் வாசலில் மண்சோறு சாப்பிடுகிறேன் என்று.

திடீரென்று அக்கா கண்ணைத் திறந்தார்.

"காலையில அந்த எண்ணெய் வேலை செய்யணும்னு ஜெபம் பண்ணேன் தனம். இப்ப அது வேலை செய்யக் கூடாதுன்னு எப்படிக் கேக்கிறது?"

நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். மாவு காய்ந்து விரலெல்லாம் வெடித்திருந்தது.

கண்டிகை, மாம்பாக்கம் எல்லாம் எப்படிப் போனது என்று தெரியாது. வழியெல்லாம் எனக்கு அந்த வீங்கின குழல்தான் கண்ணில் நின்றது. ஆசாரி இழைத்துக் கொடுத்த கட்டையில் அந்தப் பெண் கன்னத்தை அழுத்தி வைத்திருப்பதும் நின்றது. எவ்வளவு நன்றாக அளவெடுத்தார், இவ்வளவு ஒட்டி இருக்க வேண்டாமே என்று தோன்றியது. அக்கா நடு நடுவே பொன்னுசாமி அண்ணனுக்குப் போன் போட்டார். இன்னும் யாரும் எடுக்கலம்மா என்றுதான் அவரும் சொன்னார்.

கேளம்பாக்கம் க்ளப் கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார். போட்டி நடக்குது, பாஸ் இல்லாமல் விட முடியாது என்றார். அக்கா ஏப்ரனோடு, மாவுக் கையோடு நிற்கிறதைப் பார்த்து, சமையலுக்கு வந்தவங்கன்னா பின்வாசல் என்று கையைக் காட்டினார். துப்பாக்கிக்குள் பஞ்சு இருக்கிறது, உள்ளே சொல்லுங்கள் என்று நான் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. காலையிலேயே வந்துட்டாங்கப்பா என்கிற மாதிரி சிட்டிபாபுவைப் பார்த்தார்.

அப்போது உள்ளே இருந்து சத்தம் வந்தது. டப், டப், டப் என்று ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக. தானே ஏற்றிக்கொள்கிற துப்பாக்கிகளின் சத்தம்.

அக்கா செருப்பை உதறிவிட்டு, குறுக்குக் கம்பிக்கு அடியில் குனிந்து உள்ளே ஓடினார். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று நான் நினைத்ததில்லை. செக்யூரிட்டி பின்னால் ஓடினார். சிட்டிபாபு அவர் கையைப் பிடித்து, "அண்ணே, பெத்தவங்கண்ணே" என்றான். நான் அந்த இடைவெளியில் நுழைந்துவிட்டேன்.

சுடுகிற இடத்துக்குப் பின்னால் கண்ணாடி போட்ட சுவர். அந்தப் பக்கம் வரிசையாக ஆட்கள் துப்பாக்கியோடு. அக்கா கண்ணாடியில் கையை வைத்து ஒவ்வொரு முதுகாகப் பார்த்தார். ஜோசலினுடைய ஜடை எந்த முதுகிலும் இல்லை. அக்கா வாயில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையும் இல்லை, கூப்பிடுகிறதும் இல்லை.

ஜோசலின் பக்கத்து ரூமில் இருந்தாள். கதவு திறந்திருந்தது. மேஜையில் பச்சைத் துணி விரித்து, அதன்மேல் அவள் துப்பாக்கி படுத்திருந்தது. பக்கத்தில் சாலமன் சார் நீளமான துடைக்கிற கம்பியோடு நின்றார். எதிரில் போட்டியை நடத்துகிற ஆபீசர், ரேஷ்மா மேடம் என்று அப்புறம் தெரிந்தது. பச்சைத் துணி நடுவில் எண்ணெயில் மஞ்சளித்த பஞ்சு, கட்டைவிரல் நகம் அளவுக்கு. அந்த ரூம் முழுக்க ரோஜா சென்ட் வாசனை.

அவள் முகத்தில் ஒரு கீறல் கூட இல்லை. அதைப் பார்த்ததும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நடந்ததை ஜோசலின் பிறகு எனக்குச் சொன்னாள். அவளுடைய இடத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறந்ததும், எப்போதும் போலக் கயிற்றை வாய்ப்பக்கம் விட்டிருக்கிறாள். ஒரு விரல் அளவு போய் நின்றுவிட்டது. கயிறு மடங்கியிருக்கும் என்று எடுத்து நிமிர்த்தி மறுபடி விட்டிருக்கிறாள். அதே இடத்தில் நின்றது. பக்கத்தில் எல்லோரும் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மணி அடிக்கப் போகிற நேரம். இந்தப் போட்டிக்கு எவ்வளவு நாள் பழகினாள். ஓங்கித் தள்ளினால் போய்விடும் என்று ஒரு நிமிஷம் தோன்றியதாம். ஆனால் கயிறு போகவில்லை என்றால் கையைத் தூக்கு, வேறு எதுவும் பண்ணாதே என்பதுதான் சாலமன் சாருடைய சட்டம். கையைத் தூக்கிவிட்டாள். அவளை விட்டுவிட்டு மற்றவர்கள் சுட ஆரம்பித்தார்கள். வெளியே நாங்கள் கேட்டது அந்தச் சத்தம்.

நாங்கள் கதவருகே போனபோது ரேஷ்மா மேடம் பஞ்சைக் காட்டி இது யார் வேலை என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜோசலின் தலையைக் குனிந்திருந்தாள். வாசனை மூக்கில் ஏறின உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. சாலமன் சார்தான் பேசினார். நான்தான் துடைத்தேன், என் கையில் இருந்து விழுந்திருக்கும் என்றார். அவர் அப்படிச் சொன்னால் அவர் வேலைக்கே ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும்.

"அது என் பஞ்சு மேடம்" என்றார் அக்கா. "சார் வெளிய போனப்ப நான் வெச்சேன்."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் அக்காவின் வெறுங்காலையும் ஏப்ரனையும் பார்த்தார்.

"எதுக்கு வெச்சீங்க?"

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு."

எங்கள் பின்னால் வந்து நின்ற செக்யூரிட்டி லேசாகச் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. அக்காவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அப்புறம் சாலமன் சார் பக்கம் திரும்பி, பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போனது உங்கள் தப்பு என்று கண்டிப்பாகச் சொன்னார். சார் ஒத்துக்கொண்டார். குழலைத் துடைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்து, ஜோசலினை அடுத்த வரிசையில் சுட விட்டார்கள்.

அவள் சுடுகிறதை அக்கா பார்க்கவில்லை. நாற்காலியில் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பார்த்துச் சொல்லு தனம் என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டார். முதலில் அவள் கயிற்றை எடுத்தாள். வாயில் விட்டாள். பின்பக்கம் ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தது. கயிறு போயிடுச்சுக்கா என்றேன். அக்கா மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

மெடல் எதுவும் வரவில்லை. குழலில் எண்ணெய் ஒட்டியிருந்ததால் முதல் குண்டுகள் எங்கேயோ போயின என்று ஜோசலின் சொன்னாள். சிட்டிபாபு காத்திருந்து எங்கள் மூன்று பேரையும் கூட்டி வந்தான். சாலமன் சார் துப்பாக்கியோடு, திரும்பி வந்த க்ளப் வேனில் போனார். ஆட்டோவில் அம்மாவும் மகளும் ஆளுக்கொரு பக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் நான்.

வண்டலூர் பாலம் கிட்ட வந்தபோதுதான் ஜோசலின் வாயைத் திறந்தாள். என்னைத் தாண்டித் தன் கையை அம்மா மடியில் நீட்டினாள்.

"எண்ணெய் வைக்கிறதா இருந்தா எனக்கு வைம்மா. துப்பாக்கிக்கு வேணாம்."

அக்கா பாட்டிலை எடுத்து, விரலில் தொட்டு நெற்றிக்குக் கொண்டு போனார். அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நெத்தியில வேணாம், வேர்த்தா கண்ணுல இறங்கும். கையிலயும் வேணாம், வழுக்கும்."

"அப்புறம் எங்கதான்டி வைக்கிறது?"

"முட்டியில வை. தனம் ஆன்ட்டிக்கு வைக்கிற மாதிரி."

சிட்டிபாபு முன்னால் இருந்து சிரித்தான். அக்காவும் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பாக ஆரம்பித்தது அழுகையாகப் போய்விட்டது. ஜூ வாசலில் வண்டி மறுபடி நின்றது. இந்தத் தடவை அது நின்றதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

க்ளப் கமிட்டி அக்காவை வேலையை விட்டு எடுக்கவில்லை. துப்பாக்கி ரூமைப் பெருக்குகிற வேலை மட்டும் என் தலையில் வந்தது. சார் நின்றுகொண்டிருக்கும்போதுதான் பெருக்க வேண்டும். அந்த வீங்கின குழலை நான் துடைக்கும்போதெல்லாம் அக்கா கதவுக்கு வெளியே நின்று பார்ப்பார். உள்ளே காலை வைக்க மாட்டார். பொன்னுசாமி அண்ணன் ஒரு தடவை, என் சைக்கிள் செயினுக்கு வேணும்னா அந்த எண்ணெயைக் கொடும்மா என்று கிண்டல் பண்ணினார். அக்கா அதற்குக் கோபப்படவில்லை. ஆனால் செயினுக்குக் கொடுக்கவும் இல்லை.

ஜோசலின் இப்போதும் போட்டிக்குப் போகிறாள். கிளம்பும்போது பேன்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள். அக்கா எண்ணெய் வைத்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் ஜெபம் பண்ணுகிறார். வேன் போனதும் போனை மாவு டப்பா மேல் வைத்துக்கொள்கிறார். துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்த பிறகு, போனைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை கூப்பிட வேண்டும் என்று மகளிடம் சொல்லி வைத்திருக்கிறார். போன் அடித்தால் கை இன்னும் நெஞ்சுக்குத்தான் போகிறது. எடுத்ததும் எப்படி இருக்கே, சாப்பிட்டியா என்றெல்லாம் கேட்பதில்லை.

"கயிறு போச்சா?"

போச்சும்மா என்று அந்தப் பக்கம் சொல்வது எனக்கே கேட்கும். அதற்கப்புறம்தான் அக்கா கரண்டியை எடுப்பார்.